ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் பீரியட்: ஒரு இருநூறு வருடக் கதை



வரலாறு என்றாலே ராஜாக்கள், போர்கள், ஒப்பந்தங்கள் என்றுதான் எழுத வேண்டும் என்பதில்லை. நாம் தினமும் உட்கார்ந்து கொட்டாவி விட்ட ஒரு பீரியடுக்கும் வரலாறு உண்டு. இந்தக் கட்டுரை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் பீரியடைப் பற்றியது.

அந்த வகுப்பில் நம்மிடம் என்ன எதிர்பார்த்தார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். நாலு கோடு நோட்டில் காப்பி ரைட்டிங். மெமரி போயம் ஒப்பிப்பது. பாடத்துக்குப் பின்னால் இருக்கும் கேள்விகளுக்கு போர்டில் எழுதிப் போட்ட பதிலை ஃபேர் நோட்டில் இறக்குவது. டிக்டேஷன். தப்பு விட்ட வார்த்தைக்கு இம்போசிஷன். கொஞ்சம் கிராமர். அப்புறம் பரீட்சை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் படித்த யாரைக் கேட்டாலும், அரசுப் பள்ளியோ மெட்ரிக் பள்ளியோ, பட்டியல் பெரிதாக மாறாது.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. மூன்று வருடம் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து நல்ல மார்க்கும் வாங்கிய ஒருவரிடம், ஆவடி ஸ்டேஷனில் வெளியூர்க்காரர் ஒருவர் இங்கிலீஷில் வழி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதே ஆள் பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் காலேஜுக்குப் போனால் முதல் செமஸ்டரில் கடைசி பெஞ்ச் தேடுகிறார். இது அவருடைய அறிவுக் குறைவு இல்லை. அப்படியானால் என்ன? பதில் தேடினால் கதை எழும்பூரில் ஆரம்பிக்கிறது.

மணலில் எழுதிய இங்கிலீஷ்

1787-ல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னைக்கு வந்தார். 1789-ல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அனாதைகள் விடுதிக்குப் பொறுப்பாளர் ஆனார். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பையன்கள் அங்கே படித்தார்கள். ஆசிரியர்கள் குறைவு. இருந்தவர்களுக்கும் ஆர்வம் குறைவு.

ஒரு நாள் பெல் இங்குள்ள நாட்டுப் பள்ளி ஒன்றைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்து எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். பேப்பர், பேனா, செலவு எதுவும் இல்லை. அதையே தன் விடுதியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே எட்டு வயதுப் பையன் ஜான் ஃபிரிஸ்கனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீயே சொல்லிக் கொடு என்றார். பையன் பிரமாதமாகச் செய்தான்! நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைதான் இவன். பெல் 1797-ல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்ற பெயரில் இந்த முறை இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுச் சென்ற பணத்தில் உருவான பள்ளிக்கு ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே பெயர்.

வழக்கமாக இதை நமக்குப் பெருமை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பெருமைதான். ஆனால் அந்த முறை பிள்ளைகளிடம் என்ன எதிர்பார்த்தது என்று பாருங்கள். எழுத்தைக் காப்பி அடி. அசையைக் கூட்டு. சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல். தெரிந்தவன் தெரியாதவனுக்கு ஒப்பிக்க வை. காப்பி ரைட்டிங், டிக்டேஷன், ஒப்பித்தல் மூன்றுக்கும் அதில் இடம் இருந்தது. எழும்பூர்ப் பையன்கள் இங்கிலீஷ் நடமாடும் விடுதியில் வளர்ந்தவர்கள், அவர்களுக்கு எழுத்து மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும். இங்கிலீஷே காதில் விழாத பிள்ளைக்கு இதே முறை வந்தபோதுதான் சிக்கல்.

திண்ணையில் ஒரு கணக்கு

மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826-ல் தொகுத்தபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வந்தது. மக்கள் தொகை சுமார் ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம். அதாவது ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. படித்தவர்களில் பெண் குழந்தைகள் மிகக் குறைவு. பல சாதியினருக்கு இடமே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

அந்தத் திண்ணைப் பள்ளிகளிலும் மனப்பாடம்தான். நெடுங்கணக்கு, எண்சுவடி, நீதி நூல்கள் எல்லாம் தலைகீழாகச் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே மனப்பாடம் வேலை செய்தது. காரணம் எளிது. பிள்ளைக்குத் தமிழ் ஏற்கனவே தெரியும். மனப்பாடம் செய்த வாய்ப்பாட்டை அப்பாவோடு சந்தைக்குப் போய் நெல் அளக்கும்போது பயன்படுத்தும். மனப்பாடத்துக்கு அடியில் மொழி இருந்தது.

பூந்தமல்லி அப்போது கன்டோன்மென்ட் ஊர். உடம்பு தேறி வரும் ஐரோப்பியச் சிப்பாய்களை அங்கே தங்க வைப்பார்கள். ஆக நம்ம பக்கத்தில் இங்கிலீஷ் சத்தம் அப்போதே கேட்டிருக்கிறது. ஆனால் கன்டோன்மென்டில் கேட்ட இங்கிலீஷும் பள்ளியில் வந்த இங்கிலீஷும் வேறு வேறு. பள்ளிக்குள் அது பரீட்சையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது.

மெட்ரிகுலேஷன் என்ற வாசல்

1835-ல் மெக்காலேயின் குறிப்பு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். நம் கதைக்கு அதைவிட முக்கியம் 1857. அந்த வருடம் மெட்ராஸ் பல்கலைக்கழகம் தொடங்கியது. உள்ளே நுழைய மெட்ரிகுலேஷன் தேர்வு எழுத வேண்டும். இங்கிலீஷ் இல்லாமல் அந்த வாசலைத் தாண்ட முடியாது. தாண்டியவனுக்குச் சர்க்கார் உத்தியோகம் பக்கத்தில் வந்துவிடும்.

அதனால் கீழ் வகுப்புகள் எல்லாம் அந்த வாசலைப் பார்த்தே நடந்தன. பன்னிரண்டு வயதுப் பையனிடம் எதிர்பார்த்தது நாலு வருடம் கழித்து எழுதப்போகும் தேர்வுக்கான தயாரிப்பு. பாடத்தைப் படி, தமிழில் அர்த்தம் சொல், இலக்கண விதியை ஒப்பி, கவிதையை நெட்டுரு போடு. 1911-ல் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. தேர்வின் பெயர் மாறியது, கீழ் வகுப்புகள் பார்த்துக்கொண்டிருந்த திசை மாறவில்லை.

ஒரு விஷயம் மட்டும் அந்தக் காலத்து மாணவருக்குச் சாதகம். உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம், பூகோளம், கணக்கு எல்லாமே இங்கிலீஷில் நடந்தன. நாள் முழுக்க மொழி காதில் விழுந்தது. 1930-களின் இறுதியிலிருந்து மற்ற பாடங்கள் படிப்படியாகத் தமிழுக்கு மாறின. அது சரியான முடிவு, தாய்மொழியில் படித்தால்தான் பாடம் புரியும். ஆனால் அதற்கு ஏற்றபடி இங்கிலீஷ் பீரியடை மாற்றியிருக்க வேண்டும். முன்பு எட்டு பீரியட் சேர்ந்து செய்த வேலையை இப்போது ஒரே பீரியட் தனியாகச் செய்ய வேண்டும். அதே மனப்பாடத்தை வைத்துக்கொண்டு!

தொழிற்சாலைகள் வந்தன

சுதந்திரத்துக்குப் பிறகு நம்ம பக்கம் முகமே மாறியது. ஆவடி என்றால் 1955-ல் நடந்த காங்கிரஸ் மாநாடுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். 1960-களில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, 1965-ல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது. அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ், டன்லப், பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டை. வயல் இருந்த இடத்தில் ஷிஃப்ட் சங்கு ஊதியது.

விவசாயம் பார்த்த குடும்பத்துக்கு இங்கிலீஷ் ஒரு கௌரவம். தொழிற்சாலைக் குடும்பத்துக்கு அது தினசரித் தேவை. டிராயிங், மிஷின் மேனுவல், ஸ்டோர்ஸ் சீட்டு, பிரமோஷன் தேர்வு எல்லாவற்றிலும் இங்கிலீஷ். ஆவடியில் பல மாநிலத்துக்காரர்கள் குடியேறினார்கள், அவர்கள் பிள்ளைகளுக்காகக் கேந்திரிய வித்யாலயாக்கள் வந்தன. 1968 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. தமிழும் ஆங்கிலமும் போதும் என்று சொன்னபோதே, ஆங்கிலத்தின் தோளில் பெரிய பொறுப்பு ஏறிவிட்டது. வெளி உலகத்தோடு பேச அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே ஜன்னல் அந்த பீரியட்தான்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1950-களிலேயே மெட்ராஸ் மாநிலம் ‘ஸ்ட்ரக்சுரல்’ முறைக்கு மாறியது. மொழியைச் சின்னச் சின்ன வாக்கிய அச்சுகளாகப் பிரித்து, எளிதிலிருந்து கடினம் என்று வரிசைப்படுத்தி, முதலில் வாயால் பழக்க வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் இதற்காக 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் பெரிய முயற்சி நடந்தது. சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் இன்னும் சிலருக்குக் கொடுத்து, பனிப்பந்து உருள உருளப் பெருப்பது போல என்பதால் ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று பெயரே வைத்தார்கள். (பனியே பார்க்காத ஊரில்!)

தொடங்கியவர்களின் நோக்கம் பிள்ளைகளைப் பேச வைப்பது. வகுப்பில் நின்றது சப்ஸ்டிட்யூஷன் டேபிள். ‘இது பேனா, அது புத்தகம்’ என்று இங்கிலீஷில் வகுப்பே கோரஸாகச் சொல்லும். பேனா கையில் இருக்கிறது, அது பேனா என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு யாருக்காகச் சொல்கிறோம்? வாய் அசைந்தது, ஆனால் சொல்வதற்கு விஷயம் இல்லை.

பிரபு கேட்ட கேள்வி

இந்த இடத்தில் வருகிறவர்தான் என் கதாநாயகன், என்.எஸ்.பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அதிகாரியாக இருந்தவர். ஸ்ட்ரக்சுரல் முறையில் வருடக்கணக்காகப் படித்த பிள்ளைகள் வகுப்பில் சரியாகச் சொல்லும் வாக்கியத்தை வெளியே பயன்படுத்தத் தடுமாறுவது ஏன் என்று யோசித்தார். அவருடைய பதில்: பிள்ளையின் கவனம் இலக்கணத்தில் இல்லாமல் அர்த்தத்தில் இருக்கும்போதுதான் இலக்கணமே உள்ளே இறங்குகிறது.

1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னை உள்ளிட்ட தமிழ்நாட்டு ஊர்களிலும் சில சாதாரணப் பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார். பெங்களூரில் இருந்த தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் துணை நின்றது. இன்று உலகம் இதை ‘பெங்களூர் புராஜெக்ட்’ என்கிறது. வகுப்பில் இலக்கணப் பாடம் கிடையாது, கோரஸ் கிடையாது. ஒவ்வொரு நாளும் ஒரு வேலை. ரயில் டைம்டேபிள், வரைபடம், காலண்டர் போன்றவற்றை வைத்து ஒரு புதிரை விடுவிக்க வேண்டும். ஆசிரியர் முதலில் அதே மாதிரி ஒன்றை வகுப்போடு இங்கிலீஷில் பேசிப் பேசிச் செய்வார். பிறகு மாணவர் தானாக ஒன்றைச் செய்ய வேண்டும். விடை சரியா தப்பா என்பதற்குத்தான் மார்க்.

நம்ம ஊருக்கு மாற்றிச் சொல்கிறேன். ஒரு லோக்கல் ரயில் அட்டவணை கையில் இருக்கிறது. கேள்வி: திருநின்றவூரில் இருக்கும் ஒருவர் காலை ஒன்பது மணிக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து இறங்கி நடக்க இருபது நிமிடம். எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும்? அந்த ரயில் ஆவடியோடு நின்றுவிட்டால்? ஏழாம் வகுப்புப் பிள்ளை மண்டையைப் பிய்த்துக்கொண்டு யோசிக்கும். முன்னால், பின்னால், முன்பாக, தாமதமாக எல்லாம் இங்கிலீஷில் தானாக வந்து விழும். அங்கே சொல்வதற்கு விஷயம் இருக்கிறது.

முடிவில் வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்கள் பிரபுவின் வகுப்புகளையும் ஸ்ட்ரக்சுரல் வகுப்புகளையும் ஒப்பிட்டார்கள். ஸ்ட்ரக்சுரல் மாணவர்கள் தங்கள் பாணித் தேர்வில் முன்னால் நின்றார்கள். பிரபுவின் மாணவர்கள் தங்கள் பாணித் தேர்விலும், கேட்டுப் புரிவது, படித்துப் புரிவது போன்ற பொதுவான சிலவற்றிலும் முன்னால் நின்றார்கள். ஒப்பீட்டில் குறைகள் உண்டு, வகுப்புகளும் குறைவுதான். ஆனாலும் 1987-ல் பிரபு எழுதிய புத்தகத்தை, ‘டாஸ்க்’ வழி மொழி கற்பித்தல் பற்றி உலகில் எங்கே எழுதினாலும் குறிப்பிடுகிறார்கள். பெல்லின் மெட்ராஸ் சிஸ்டம் போலவே இதுவும் இங்கிருந்து வெளியே போனது.

நம்ம வகுப்பறைக்கு அது ஏன் வரவில்லை? என் கருத்து இதுதான்: நம் பரீட்சைத் தாளில் அதற்கு இடம் இல்லை. டைம்டேபிள் புதிர் போடும் பையனுக்குக் கால் ஆண்டுத் தேர்வில் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ வந்தால் எந்த ஆசிரியர்தான் துணிவார்?

ஒரே தெரு, வேறு வேறு புத்தகம்

இதற்கிடையில் பெற்றோர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியைத் தேடிக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்தின் கையில் இருந்த மெட்ரிகுலேஷன் 1970-களின் பிற்பகுதியில் மாநிலத்தின் தனி வாரியத்துக்கு வந்தது. அதன்பின் புறநகரில் தெருவுக்குத் தெரு மெட்ரிக் பள்ளி. ஸ்டேட் போர்டு, மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று தமிழ்நாட்டில் நாலு பாடத்திட்டம். ஒரே தெருவில் கிரிக்கெட் ஆடும் இரண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் இங்கிலீஷ் புத்தகம் வேறு, எதிர்பார்ப்பும் வேறு. வித்தியாசத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் அப்பாவின் சம்பளம்.

2010-ல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. முதலில் 1, 6 வகுப்புகளுக்குப் பொதுப் புத்தகம். அடுத்த வருடம் ஆட்சி மாறியதும் நிறுத்தி வைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஆகஸ்ட் 9-ல் தீர்ப்பு வந்த பிறகுதான் பிள்ளைகள் கைக்குப் புத்தகம் வந்தது. இன்று நாலு வாரியப் பிள்ளைகளும் ஒரே புத்தகம் படிக்கிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழி வகுப்புகள் பரவலாகத் தொடங்கின.

சார்ட் ஒட்டிய காலம்

பாடமுறையும் மாறியது. தொடக்க வகுப்புகளில் அட்டைகளை வைத்துச் செயல்வழிக் கற்றல், 6 முதல் 8 வரை 2007 வாக்கில் படைப்பாற்றல் கல்வி. பாடத்தைப் பிள்ளைகளே படித்து, மன வரைபடம் வரைந்து, குழுவாகப் பேசி, வகுப்பு முன்னால் சொல்ல வேண்டும். 2012-13-ல் முப்பருவ முறை. ஒவ்வொரு பருவத்திலும் 60 மதிப்பெண் தொகுத்தறித் தேர்வுக்கு, 40 வளரறி மதிப்பீட்டுக்கு. அந்த 40-ல் 20 செயல்பாடுகளுக்கு, 20 சிறு தேர்வுகளுக்கு. எழுத்துத் தேர்வுக்கு வெளியே பிள்ளை செய்யும் வேலைக்கும் மார்க்! காகிதத்தில் பார்த்தால் பிரபு கேட்டதற்கு மிக அருகில் வந்த ஏற்பாடு.

நான் அந்த முறையில் படித்தவன். எங்கள் பள்ளியில் (பெயர் வேண்டாம்) செயல்பாடு என்றால் சார்ட். முந்தின நாள் ராத்திரி ஸ்டேஷனரி கடையில் சார்ட், ஸ்கெட்ச் பேனா, ஒட்டுவதற்குப் படம் வாங்குவோம். அக்கா இருப்பவனுக்கு அக்கா எழுதித் தருவாள். சார்ட் சுவரில் ஒட்டப்படும், அதிலிருந்து யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம். மன வரைபடத்தைக்கூட ஆசிரியர் போர்டில் வரைவார், நாங்கள் காப்பி அடிப்போம். நாற்பதுக்கு முப்பத்தாறுக்குக் குறையாமல் எல்லோருக்கும் கிடைக்கும். அறுபதுக்கு வழக்கம் போல கைடு. ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரையும் பேச வைத்து மார்க் போட ஆசிரியருக்கு நேரம் ஏது, பதிவேடு நிரப்பவே பீரியட் போதாது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2018-19-ல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கும், அடுத்த வருடம் மற்றவற்றுக்கும் கியூஆர் கோடு போட்ட புதுப் புத்தகங்கள் வந்தன. நல்ல புத்தகங்கள். கேட்டல், பேசுதல் பயிற்சிகளும் உண்டு. ஆனால் 2019-ல் 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவிப்பு வந்ததும் என்ன நடந்தது? கேட்டல், பேசுதல் பற்றி யாரும் பேசவில்லை, மாதிரி வினாத்தாளைத்தான் தேடினார்கள். எதிர்ப்பு வந்து 2020 பிப்ரவரியில் அரசு அதைக் கைவிட்டது. ஆனாலும் பெல் காலத்துப் பழக்கம் எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது என்று அந்த சில மாதங்கள் காட்டின.

ஆக என்ன தெரிகிறது?

மணல், மொழிபெயர்ப்பு, ஸ்ட்ரக்சர், டாஸ்க், மன வரைபடம், சார்ட் என்று சொல்லிக் கொடுக்கும் முறை இருநூறு வருடமாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது. புதிய யோசனைக்கு நம்ம ஊரில் பஞ்சமே இல்லை, இரண்டு முறை உலகத்துக்கே ஏற்றுமதி செய்திருக்கிறோம். மாறாதது மார்க் போடும் இடம். எழுதியதைப் பார்த்து எழுதினால் மார்க், மனப்பாடத்தைக் கொட்டினால் மார்க். எதற்கு மார்க்கோ அதைத்தான் பன்னிரண்டு வயதுப் பிள்ளை படிக்கும். அது புத்திசாலித்தனம், சோம்பேறித்தனம் இல்லை.

இதில் நஷ்டம் எல்லோருக்கும் சமம் இல்லை என்பதுதான் வருத்தம். வீட்டில் இங்கிலீஷ் பேப்பர் வரும் பிள்ளைக்கும், டியூஷன் போகும் பிள்ளைக்கும் மொழி வேறு வழியில் வந்துவிடும். பட்டாபிராமிலிருந்து பஸ் பாஸில் அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அந்த நாற்பத்தைந்து நிமிடம்தான் மொத்த இங்கிலீஷ். அதையும் போர்டைப் பார்த்து எழுதுவதில் செலவழித்தால், பிறகு காலேஜில், இன்டர்வியூவில், அதற்கு விலை கொடுப்பது அந்தப் பிள்ளை மட்டும்தான்.

எனக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்று. அறுபது மார்க் தாளில் ஒரு பத்து மார்க்கை இதுவரை பார்க்காத ஒரு ரயில் அட்டவணைக்கோ, கரண்ட் பில்லுக்கோ, மருந்து டப்பாவில் உள்ள குறிப்புக்கோ ஒதுக்குங்கள். கைடில் பதில் இருக்காது. அடுத்த வாரமே வகுப்பறையில் பாடம் மாறிவிடும், ஸ்னோபால் பயிற்சி எதுவும் தேவைப்படாது.

உங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் எப்படி நடந்தது? ஒரு தடவையாவது நீங்களாக யோசித்து ஒரு வாக்கியம் சொல்ல வைத்த ஆசிரியர் இருந்தாரா? இருந்திருந்தால் அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.